நரியில்லாத் தீவின் வேட்டை: பினாங்கு மலைகளில் துப்பாக்கியும் பொதுநிலமும்

வேட்டையின் வரலாறு பெரும்பாலும் விலங்கின் பெயராலோ வேட்டையாடியவரின் பெயராலோ எழுதப்பட்டு வந்திருப்பதால், அது நடந்த நிலம் யாருடையது, அதே நிலத்தில் வேறு யார் யார் என்னென்ன காரியமாக நடமாடினார்கள் என்ற கேள்வி அதிகம் எழுப்பப்பட்டதில்லை. தனியார் தோட்டத்திற்குள் நடக்கும் வேட்டையில் அக்கேள்விக்கு இடமே இல்லை. அரசுக்கோ ஊருக்கோ உரிய, வேலியற்ற, எவரும் நுழையக்கூடிய பொதுநிலத்தில்தான் துப்பாக்கி ஏந்தியவரும் காற்று வாங்க வந்தவரும் விறகு பொறுக்க வந்தவரும் சாமி கும்பிட வந்தவரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் எதிர்ப்படுகிறார்கள். அவர்களுள் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டது. பினாங்கு அதைத் தீர்த்துக்கொண்ட விதம் தனியானது, அதற்குக் காரணம் விலங்குகளின் மீதான பரிவோ வேட்டையின் மீதான வெறுப்போ அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வழக்கின் மிகப் பெரிய களம் இன்றைக்கு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள். அங்கே நடுவண் அரசின் நில மேலாண்மைப் பணியகம் ஒன்றின் பொறுப்பில் மட்டும் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் மாடு மேய்ப்போரும் மலையேறுவோரும் நாயுடன் உலாவுவோரும் கயோட்டி சுடுவோரும் ஒருங்கே உரிமை கொண்டாடுகின்றனர். கயோட்டி என்பது ஓநாயைவிடச் சிறிய, நம்மூர் நரியை ஒத்த காட்டு நாயினம். ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்வதால் அது பீடை விலங்கு எனக் கருதப்பட்டு, 1931-ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின் ஆதரவோடு பெருமளவில் கொல்லப்பட்டது. பல மாநிலங்களில் இன்றும் ஆண்டு முழுவதும் அதைச் சுடலாம். அதிக எண்ணிக்கையில் கொன்றவருக்குப் பரிசளிக்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014-இல் தடைசெய்தபோதும் வேட்டை நிற்கவில்லை. பினாங்கில் கயோட்டி இருக்க வழியில்லை, நரியும் இல்லை. மலாயாத் தீபகற்பத்தின் இயற்கைக் காட்டு நாயினம் செந்நாய் ஒன்றுதான், அதுவும் பெருநிலத்தின் உட்காடுகளில் வாழ்வது. ஆனால் பினாங்கிற்குக் குடியேறிய தமிழரும் அங்கே அதிகாரம் செலுத்திய ஆங்கிலேயரும் நரியை நன்கறிந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால், தீவின் கதையைத் தமிழ்நாட்டில் தொடங்குவதே முறை.

தமிழகச் சமவெளிகளில் நரி வாழ்ந்த இடம் பெரும்பாலும் புறம்போக்கு, அதாவது எவருக்கும் பட்டா இல்லாத, ஊரார் பொதுவில் ஆடுமாடு மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் பயன்கொண்ட ஏரிக்கரை, கரடு, முட்புதர் நிலம். ஊரூராகச் சென்று பிழைத்த நரிக்குறவர்கள் கண்ணியும் வலையும் பின்னாளில் நாட்டுத் துப்பாக்கியும் கொண்டு அந்நிலத்தில் நரி பிடித்தனர். நரிப்பல்லும் நரிக்கொம்பு என்ற பெயரில் விற்கப்பட்டதும் அவர்களுடைய பாசிமணிக் கூடையில் இடம்பெற்றன. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊருக்குள் கொணர்ந்து, மக்கள் முன் ஓடவிட்டு, மீண்டும் காட்டில் விடும் வழக்கம் அண்மைக்காலம் வரை நீடித்தது. வனத்துறை அதற்காக அபராதம் விதித்து வருகிறது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கையே அவ்வழக்கின் வேர். இவ்வேட்டைகளில் மேய்ப்பவருக்கும் பிடிப்பவருக்கும் மோதல் எழாததற்குக் காரணம் எளிது: இருவரும் நடந்தே சென்றார்கள், ஒருவர் வேலை மற்றவர் வேலையைக் கெடுக்கவில்லை.

குதிரையும் வேட்டைநாய்க் கூட்டமும் வந்தபோது நிலைமை மாறியது. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிச் சென்றபின் சில பத்தாண்டுகளுக்குள் உதகமண்டலம் சென்னை மாகாண வெள்ளையரின் நலம்பேணும் ஊராகவும், பிறகு ஆண்டின் பாதி அரசே இடம்பெயரும் கோடைத் தலைநகராகவும் ஆயிற்று. இங்கிலாந்தில் நரிவேட்டை என்பது துப்பாக்கியில்லாத வேட்டை. மோப்பம் பிடிக்கும் நாய்கள் முப்பது நாற்பது ஒன்றாகக் குரைத்துக்கொண்டு விரட்ட, செந்நிறச் சட்டை அணிந்தவர்கள் குதிரைமேல் பின்தொடர்வர், கொம்பூதித் தலைவர் நாய்களை நடத்துவார். அங்குள்ள செந்நரி நீலகிரியில் இல்லாததால் அதன் இடத்தில் குள்ளநரி வைக்கப்பட்டது. பெஷாவர் முதலான வடபுலப் படைநகரங்களிலும் இதுவே நடந்தது. ஆனால் வெயிலில் அங்கே இறக்குமதி நாய்கள் வாடிச் செத்தன. உதகையின் குளிரும், பனி படிந்த விடியலில் மண்ணில் மோப்பம் தங்கும் தன்மையும், மரமற்ற நெடும்புல் மேடுகளும் இவ்விளையாட்டிற்கு இங்கிலாந்தைவிடவும் ஏற்றவை என்று அதில் ஈடுபட்டவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். 1841-இல் தோன்றிய உதகை மன்றத்தின் சுவர்களில் இன்றும் வேட்டைத் தலைவர்களின் பெயர்ப் பலகைகளும் பாடம்செய்த நரித்தலைகளும் இருக்கின்றன. 

அம்மேடுகளின் சட்டநிலையே இங்கு முதன்மையானது. 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் அழைக்கப்படும் வென்லாக் புல்வெளிகள், ஏறத்தாழ 20,000 ஏக்கர் பரப்புடையவை, அவருடைய முயற்சியின் விளைவாக 1900-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டன. காப்புக்காடு என்றாலும் அங்கே காடு வளர்ப்பது நோக்கமாக இருக்கவில்லை. குதிரையேற்றத்துக்கும் வேட்டைக்கும் ஏற்ற திறந்தவெளியாகவே அது நிலைக்கவேண்டும், வீடும் தோட்டமும் அதைத் தின்றுவிடக்கூடாது என்ற எண்ணமே அதற்குப் பின்னால் வலுவாக இருந்தது. எனவே இந்தியாவின் அரிய சோலைப் புல்வெளி ஒன்று நரியை விரட்டுவதற்காகவே அரசின் கையில் காக்கப்பட்டது என்று சொல்வது மிகையாகாது. அதற்கு முன்பே, 1877-இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கத்தின் தூண்டுதலால் 1879-இல் இயற்றப்பட்ட நீலகிரி வேட்டை விலங்கு, மீன் காப்புச் சட்டம் வரையாட்டுக்கும் கடமானுக்கும் காட்டுக்கோழிக்கும் வேட்டைக்கு மூடிய பருவத்தையும் உரிமச்சீட்டையும் ஏற்படுத்தியிருந்தது; நரி அக்காப்புப் பட்டியலில் இல்லை.

அப்புல்வெளியின் பழைய உரிமையாளர்கள் எருமை மேய்க்கும் தோதவர்கள். அவர்களுடைய மந்துகளும், அதாவது குடியிருப்புகளும், கோயில்களும் அங்கங்கே இருந்தன. மேய்ப்பு தொடர்ந்தது, ஆனால் புதுப்புல் முளைப்பதற்காக ஆண்டுதோறும் தீயிடும் அவர்களுடைய வழக்கத்தை வனத்துறை கட்டுப்படுத்தியது. அடுத்து கோல்ஃப் ஆடுவோர் வந்தனர். விடுமுறைக் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் வந்தன. விடுதலைக்குப் பின் திரைப்படக் குழுக்கள் பைக்காரா சாலையின் மைல்கற்களைக் கொண்டே இடங்களுக்குப் பெயரிட்டு வந்து இறங்கின. இத்தனை பேரோடும் வேட்டை ஒருவாறு ஒத்துப்போனது. ஒத்துப்போகாதது மரம். தோல் பதனிடும் தொழிலுக்காகச் சீகை இன மரங்களும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கூழுக்காக யூக்கலிப்டஸும் புல்வெளியில் நடப்பட்டன. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலைக்கும் அங்கேயே நிலம் தரப்பட்டது. குதிரை ஓட இடம் குறைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் உயிர்நரியை விரட்டும் முறை கைவிடப்பட்டு, வெலிங்டன் படைத்துறைக் கல்லூரி அதிகாரிகளின் ஆதரவில் இழுவை வேட்டை என்னும் முறை நிலைத்தது: மோப்பப் பொருள் நிரப்பிய பையை ஒருவர் முன்கூட்டியே தரையில் இழுத்துச் செல்வார், நாய்களும் குதிரைகளும் அத்தடத்தைத் துரத்தும். விலங்கை நீக்கிவிட்டாலும் துரத்தலின் இன்பம் எஞ்சுகிறது என்ற இக்கண்டுபிடிப்புக்குப் பினாங்கிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு.

சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையிலான பாலம் படை. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டதிலிருந்து அது வங்காளத்தின் கீழும், 1805 முதல் தனி மாகாணமாகவும், 1826-இல் நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாகவும் ஆளப்பட்டபோதும், காவலுக்கு நின்றவை பெரும்பாலும் சென்னைச் சிப்பாய்ப் படைகளே. உதகையில் குதிரையேறிய அதிகாரி சில ஆண்டுகளில் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனில் வந்து இறங்குவது இயல்பான பணிமாற்றம். கொடிமலை என்று தமிழர் அழைக்கும் பினாங்கு மலையும், 833 மீட்டர் உயரத்தில், உதகைக்கும் முன்பே வெள்ளையர் உடல்தேற ஏறிச்சென்ற இடம். இருந்தும் அங்கே நாய்வேட்டை வேரூன்றவில்லை. நரி இல்லாமை ஒரு காரணம்; நிலம் அதைவிடப் பெரிய காரணம். கடலுக்கும் மலைக்கும் நடுவிலிருந்த குறுகிய சமவெளியைத் தென்னையும் ஜாதிக்காயும் நிரப்பிவிட்டன, மலைச்சரிவோ குதிரை ஏறமுடியாத செங்குத்தும் அடர்காடும் ஆனது. ஆகவே தீவின் வெள்ளையர் குதிரைமேல் கொண்ட ஆசை ஓடுகளத்திற்குள் அடங்கி, 1864-இல் பினாங்கு குதிரைப்பந்தய மன்றமாக உருக்கொண்டது.

உண்மையான வேட்டை நீரிணைக்கு அக்கரையில், 1800-இல் கெடாவிடமிருந்து பெறப்பட்டு அன்று வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறையில் நடந்தது. கரும்புத் தோட்டங்கள் காட்டை நெருங்க நெருங்கப் புலி மனிதரை நெருங்கியது. நீரிணைக் குடியேற்ற அரசு புலிக்குப் பரிசுத்தொகை அறிவித்தது. சிங்கப்பூரில் 1840-களில் அது 100 டாலர் வரை உயர்ந்தது. பரிசுத்தொகை வேட்டை என்பது விளையாட்டு வேட்டையின் நேர் எதிர்: இங்கே கொல்பவர் மலாய்க் கிராமத்தவராகவோ சீனக் கூலியாகவோ கைதியாகவோ இருந்தார், பொறியும் குழியும் வைத்தார், பாதையோரத்தில் குழி தோண்டுவதால் வழிப்போக்கருக்கு வரும் ஆபத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 1790 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள், அவர்களுள் சென்னை மாகாணத்தவரும் பலர், பினாங்கின் சாலைகளை அமைத்தனர். சிங்கப்பூரில் அவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் புலிவேட்டைக்கும் அனுப்பியதைச் சென்னைப் பீரங்கிப் படை அதிகாரியாக வந்து பின்னாளில் பினாங்கின் உயர் நிர்வாகியான மெக்நேர், கைதிகளைப் பற்றி 1899-இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். தண்டனைக் கைதியின் கையில் அரசே துப்பாக்கியைக் கொடுத்த இந்நிகழ்ச்சி, அக்காலத்தில் புலியைவிடக் கைதி குறைந்த அச்சத்தைத் தந்தான் என்பதைக் காட்டுகிறது. அல்லது அவனுடைய உயிர் மலிவாக இருந்தது என்பதை.

வெள்ளைத் தோட்டத்துரைகளின் ஞாயிற்றுக்கிழமை வேட்டை உள்ளான் குருவிக்கு உரியது. செப்டம்பர் தொடங்கி வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் செபராங் பிறையின் சேற்று வயல்களில் இறங்கும். வரப்பில் நடந்து பறக்கும் குருவியைச் சுடுவர். வயல் மலாய் உழவருடையது, சுடுபவர் விருந்தாளிகூட அல்லர். ஆயினும் காலனிய வழக்கம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகக் கருதவில்லை. தோட்டத்துக்குள்ளே இன்னொரு வேட்டை இருந்தது. கரும்புக்குப் பின் ரப்பர் வந்ததும், கன்றின் வேரைக் கிண்டும் காட்டுப்பன்றி தோட்ட நிர்வாகத்தின் பொது எதிரியாயிற்று. நாய்களை அவிழ்த்துவிட்டு ஈட்டியாலும் கம்பாலும் பன்றியை மடக்கும் கலை லயம் எனப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தது. நிர்வாகத்திற்குக் கன்று பிழைத்தது, லயத்துக்குக் கறி கிடைத்தது. பெரும்பான்மை மலாய் மக்களுக்குச் சமயக் காரணத்தால் நாயும் பன்றியும் விலக்கானவை என்பதால், இவ்வேட்டை தொடக்கத்திலிருந்தே தமிழர், சீனர், யுரேசியர் ஆகியோரின் தனிவழக்காக, கம்பத்தை, அதாவது மலாய்க் கிராமத்தை, விலகிச் செல்லும் ஒதுக்குவழிகளில் நடந்தது. பொதுநிலத்தைப் பகிர்ந்துகொள்வதில் எழுதப்படாத இந்நாகரிகம் எந்தச் சட்டத்தையும்விடப் பழையது.

தீவின் மலையை வேட்டைக்கு மூடியது தண்ணீர். 1848-இல் பினாங்கு வாழ் வழக்கறிஞரும் அறிஞருமான ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், தாம் நடத்திய இந்தியத் தீவுக்கூட்ட இதழில், பினாங்கு மலைக்காடுகளை அழித்துக்கொண்டே போனால் தட்பவெப்பம் என்னாகும் என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மிளகுக்கும் கிராம்புக்கும் சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மரம் போனால் மழையும் ஊற்றும் போகும் என்ற கொள்கை அன்று உலகின் பல தீவுகளில் பேசப்பட்டது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் நகரத்துக்கும் மலையருவியையே நம்பியிருந்த ஜார்ஜ் டவுனுக்கு அது வெறும் கொள்கையாக இல்லை. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டக் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேண்ட்லி 1883-இல் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அளித்த அறிக்கைக்குப் பின் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே சார்லஸ் கர்ட்டிஸ் பினாங்கின் காடுகளுக்குப் பொறுப்பேற்று, அருவியடியில் பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் தாவரவியல் தோட்டத்தை நிறுவினார்.

அன்று முதல் மலையில் நுழைபவர் எவரும் தண்ணீரை அழுக்காக்கக்கூடியவர் என்ற கண்ணோடு பார்க்கப்பட்டார். இதில் முதலில் இடம்பெயர நேர்ந்தவர் வேட்டைக்காரர் அல்லர், முருகன். அருவியின் அருகே தமிழர் வழிபட்ட சிறுகோயில், நகருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தின் பொருட்டு அகற்றப்பட்டு, 1915 வாக்கில் அருவிச் சாலையின் இன்றைய குன்றுக்கு மாறியது. தைப்பூசத்தில் இலட்சக்கணக்கானோர் திரளும் தண்ணீர்மலைக் கோயில் என்ற பெயரில் மட்டும் பழைய இடம் தங்கியிருக்கிறது. 1910-இல் தாவரவியல் தோட்டத்தையே நீர்த்தேக்கமாக்கும் திட்டம் எழுந்து அது நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்டு; திட்டம் நிறைவேறாததால் தோட்டம் பிழைத்தது. அடியார்களையும் ஆங்கிலேயருடைய பூந்தோட்டத்தையும் தண்ணீருக்காக அசைக்கத் துணிந்த நிர்வாகத்திற்கு, நீர்ப்பிடிப்பு மலையில் நாய்களோடு பன்றி விரட்டுவோரைப் பொறுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. நீலகிரியில் வேட்டைக்காகப் பொதுநிலம் உருவாக்கப்பட்டது என்றால், பினாங்கில் பொதுநிலம் உருவான காரணமே வேட்டையை அதன் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. விடுதலைக்குப் பின் வந்த 1960-ஆம் ஆண்டு நிலப்பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு, மேற்பட்ட பினாங்கு நிலம் மலைநிலமாக அறிவிக்கப்பட்டது இப்போக்கின் தொடர்ச்சியே.

விலங்குகளுக்கான சட்டம் இதற்குப் பின்னால், தனியாக, மெதுவாக வந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் முதலில் பறவைகளுக்கும் பின்னர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டு விலங்குகளுக்கும் சேர்த்துக் காப்புச் சட்டங்களை இயற்றின. பெரிய திருப்பம் 1930-இல் அமைக்கப்பட்ட மலாயா வனவிலங்கு ஆணையம். அதன் தலைவர் தியோடர் ஹபேக், யானையையும் காட்டெருதையும் வேட்டையாடி நூல்கள் எழுதிய பிறகு காப்பாளராக மாறியவர். பயிரழிவால் வெகுண்ட தோட்டக்காரர்கள் ஒருபுறம், காப்பிடம் கேட்டவர்கள் மறுபுறம் எனச் சாட்சியம் பிளவுபட்டிருந்தது. 1932-இல் வெளியான அறிக்கையின் நீண்டகாலப் பயன் பகாங், கிளாந்தான், திரெங்கானு எல்லையில் 1930-களின் இறுதியில் தோன்றிய தேசியப் பூங்கா. பினாங்கைப் பொறுத்தவரை அவ்வறிக்கையின் தாக்கம் சிறியது, ஏனெனில் யானையும் காட்டெருதும் அங்கே பேச்சுக்கே இல்லை, பன்றியோ எவரும் காக்க விரும்பாத விலங்கு. 1955-இலும் 1972-இலும் 2010-இலும் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோதெல்லாம் பன்றியின் நிலை ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது: உரிமச்சீட்டு வாங்கினால் வேட்டையாடலாம். நடைமுறையில் உள்ள 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சுருக்குக் கண்ணிக்குக் கடுந்தண்டனை விதிப்பது புலியையும் மானையும் கருதி; அதனால் மலைப்பாதையில் கால்வைக்கும் மனிதருக்கும் நாய்க்கும் கிடைத்த பாதுகாப்பு ஒரு துணைவிளைவு.

சட்டத்தைவிட வேட்டையைச் சுருக்கியது துப்பாக்கிமீது விழுந்த பிடி. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. காட்டோரத்தில் துப்பாக்கியோடு நிற்பவர் பன்றிக்காகத்தான் நிற்கிறார் என்று படைவீரரை நம்பவைப்பது எளிதாக இருந்திருக்காது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு சுடுகலன் தண்டனைச் சட்டமும் அவசரகாலத்தின் அச்சத்தை அமைதிக்காலத்திற்குக் கடத்தின. இதன் விளைவாக, அமெரிக்காவில் போல வார இறுதியில் துப்பாக்கியை வண்டியில் போட்டுக்கொண்டு பொதுநிலத்துக்குப் போவது மலேசியாவில் ஒரு பொழுதுபோக்காக வளர வழியே இல்லாமல் போயிற்று. எஞ்சியவர்கள் வயது முதிர்ந்த உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள், அவர்களுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கிகள், சில நாய்கள். கூட வந்தவரையே புதருக்குள் பன்றியென நினைத்துச் சுட்டுவிட்ட செய்திகள் இன்னமும் மலேசிய நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அங்கே வேட்டை விபத்தில் சாகிறவர் பெரும்பாலும் வேறொரு வேட்டைக்காரர்.

துப்பாக்கி ஒதுங்கிய அதே காலத்தில்தான் வேட்டையின் இன்னொரு வடிவம் மலையில் ஏறியது. ஆங்கிலப் பள்ளிகளில் தாள்துரத்தல் என்றொரு பழைய ஓட்டம் உண்டு: ஒருவர் முயலாகி, கிழித்த தாளைத் தூவிக்கொண்டே முன்னால் ஓட, மற்றவர்கள் நாய்களாகி அத்தடத்தைப் பற்றித் துரத்துவர். 1938-இல் கோலாலம்பூரில் கணக்காளர் கிஸ்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் இதை வாராந்தர ஓட்டமாக்கி, தாங்கள் உணவருந்திய விடுதியின் கேலிப்பெயரைச் சேர்த்து, ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்று பெயரிட்டனர். ஹாரியர் என்பது முயல் துரத்தும் நாய்வகை. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் மாண்டார், ஓட்டம் போருக்குப் பின் மீண்டது. 1965-இல் பினாங்கில் கிளை தோன்றியது. முதலில் வெள்ளையருடைய பீர் விருந்தாக இருந்த அது பிறகு பெரும்பாலும் உள்ளூர் மக்களின் உடற்பயிற்சியாகவும் நட்புவட்டமாகவும் மாறி, தீவின் பழத்தோட்டங்களையும் காப்புக்காட்டின் விளிம்புகளையும் வாரந்தோறும் மிதிக்கும் பல குழுக்களாகப் பெருகியது.

இவ்வோட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் நாய்வேட்டையின் எலும்புக்கூடு முழுதும் தெரியும். தடம் திடீரென அறும் இடம் இருக்கும், நாய்கள் மோப்பம் இழப்பதைப் போல. பொய்த்தடங்கள் இருக்கும், நரி திரும்பி ஏமாற்றுவதைப் போல. தடத்தைக் கண்டவர் கத்த, கொம்பு முழங்கும். முயலாக இருப்பவர் முன்னதாகவே மலைக்குப் போய், மற்றவர் அறியாத வழியை வெட்டித் தாள் தூவி வருகிறார். உதகையில் பையை இழுத்தவர் செய்த வேலையும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. உதகையில் இம்மாற்றம் சட்டமும் மரநடவும் சேர்ந்து வேட்டையின்மேல் சுமத்தியது. மலாயாவில் நரியில்லாத நாட்டில் வேட்டையை நினைவில் வைத்திருந்தவர்கள் தாமாகவே விலங்கையும் குதிரையையும் நாயையும் கழித்துவிட்டு மனிதரை மட்டும் ஓடவிட்டார்கள். கொடிமலைச் சரிவுகளின் இன்றைய பல நடைபாதைகள் விறகுவெட்டியும் பழத்தோட்டக்காரரும் பன்றி வேட்டைக்காரரும் வகுத்தவை, அவற்றை மூடாமல் காத்தவர்களுள் இவ்வோட்டக்காரர்களும் அடங்குவர். ஆகவே பினாங்கில் பொழுதுபோக்குக்காக மலையேறுபவரை வேட்டைக்காரரின் எதிரியாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நடப்பவர் வேட்டையின் வாரிசுகளுள் ஒருவர். அவர்களுக்குள்ளும் பிணக்கு இல்லாமல் இல்லை: குழுக்கள் விட்டுச்செல்லும் தாள் குப்பை என்பது ஒரு சாரார் முறையீடு, பொய்த்தடம் புதிதாக வருபவரை வழிதவறச் செய்யக்கூடும் என்பது இன்னொன்று.

2003-இல் தீவின் வடமேற்கு மூலையில், முன்பு பந்தாய் அச்சே காப்புக்காடாக இருந்த தெலுக் பகாங் பகுதி பினாங்கு தேசியப் பூங்காவாயிற்று. 1980-ஆம் ஆண்டு தேசியப் பூங்காக்கள் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட முதல் பூங்கா இதுவே. அதன் எல்லைக்குள் வேட்டை முற்றிலும் விலக்கு. அதற்கு வெளியே, குறிப்பாகப் பாலிக் பூலாவ் டுரியான் தோட்டங்களில், பன்றி இன்றும் இரவில் இறங்கி உதிர்ந்த பழத்தையும் வேரையும் கிண்டுகிறது. புலியோ செந்நாயோ இல்லாத தீவில் அதன் தொகையைக் கட்டுப்படுத்த மனிதரும் மலைப்பாம்பும் தவிர வேறு பகைவர் இல்லை. 2021-இல் சபாவில் முதன்முறையாகவும் 2023 தொடக்கத்தில் செபராங் பிறைப் பண்ணைகளிலும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டபின், காட்டுப்பன்றியைச் சுட்டுத் தூக்கிவருவதே நோயைப் பரப்பும் செயலாகுமோ என்ற புதிய கேள்வியும் வேட்டைக்காரர்முன் வந்து நிற்கிறது.

நாயினத்தின்மீது தொடுக்கப்பட்ட வேட்டை பினாங்கில் ஒருமுறை நடந்தது, ஆனால் மலையில் அல்ல, தெருவில். 2015 செப்டம்பரில் வெறிநாய்க்கடி நோய் தீபகற்பத்தின் வடபகுதியிலிருந்து பினாங்கை எட்டியதும், மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல ஆணையிட்டது; விலங்குநல அமைப்புகள் தடுப்பூசியே போதும் என்று வாதிட்டன. பொதுஇடத்தில் மனிதருக்கும் நாயினத்திற்கும் உள்ள உறவைப் பற்றித் தீவு மக்கள் இவ்வளவு வெளிப்படையாக வாதிட்ட சந்தர்ப்பங்கள் குறைவு. கயோட்டி குறித்து அமெரிக்காவில் நடக்கும் வாதத்தின் சொற்கள்கூட, பீடை, நோய், குழந்தைகளின் பாதுகாப்பு, தேவையற்ற கொலை என, ஒன்றுபோலவே இருந்தன. வேறுபட்டது ஆயுதம் ஏந்தியவர் யார் என்பது மட்டும். அங்கே தனிமனிதர், இங்கே அரசு.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு மலையை 12,481 ஹெக்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இவ்வகைக் காப்பகத்தில் நிலம் மூன்றாகப் பிரிக்கப்படும்: மனிதத் தலையீடு மிகக் குறைந்த உட்கரு, நடையும் ஆய்வும் கல்வியும் அனுமதிக்கப்படும் இடைவளையம், வேளாண்மையும் குடியிருப்பும் தொடரும் வெளிவளையம். மலையேறுபவரும் தாள்துரத்துபவரும் இடைவளையத்திற்குள் எளிதாகப் பொருந்திவிட்டனர். டுரியான் தோட்டக்காரரும் அவர் அழைக்கும் உரிமம் பெற்ற வேட்டைக்காரரும் வெளிவளையத்தில் நிற்கின்றனர். அவர்கள் விரட்டும் பன்றி பகலில் உட்கருவில் படுத்து இரவில் வெளிவளையத்தில் மேய்வதால், எந்த எல்லைவரை அதைத் துரத்தலாம் என்ற கேள்வியைத் தோட்டக்காரர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.